ஆறினால் பிடிக்கும் பிரேக்

ஜூலை 9, புதன்

இன்று மதியம் என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். வலது தொடை எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். கட்டிலை ஹாலுக்கு இழுத்து ஜன்னலோரமாகப் போட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஜீப் நிற்கிற இடம் காலியாகக் கிடக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

கிளம்புகிற நேரத்தில் ஜீப் கிளப் ஆட்கள் வார்டுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பனியன், முதுகில் சேற்றில் பாயும் ஜீப் படம். ஒருவன் இவர் தோளைத் தட்டி, "என்ன நாச்சி, தென்னமரத்தோட மல்லுக்கட்டிட்டு வந்துட்ட" என்று சிரித்தான். இவரும் சிரித்தார். அவர்கள் கொண்டுவந்த பழப்பையை அவன் மூஞ்சியிலேயே எறியலாம் போலிருந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வாய் வலிக்கிறது. இங்கே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் ஜீப் போட்டி. மேடு, பள்ளம், சேறு எல்லாம் செயற்கையாக வெட்டிவைத்து அதில் ஏறி இறங்க வேண்டும். ஆட்கள் உள்ளே வராமலிருக்கச் சுற்றிலும் சிவப்பு டேப் கட்டியிருப்பார்கள். இவர் ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பை வருடக்கணக்காக நோண்டிக்கொண்டிருந்தார். போட்டிக்கு முந்தின வாரம்தான் முன் சக்கரங்களிலிருந்த பழைய மாதிரி டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தோடு சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கிற டிஸ்க் பிரேக் மாட்டினார்கள். மாட்டியது இவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் தாமோதரனின் பட்டறை. கிளப்புக்குத் தலைவரும் தாமோதரன்தான். கடைசி இறக்கத்தில் மிதித்தபோது பெடல் தரையோடு போய்விட்டது என்கிறார் இவர். ஜீப் தோப்புக் காவல்காரர் ஆறுச்சாமியின் காலில் ஏறி, மரத்தில் முட்டி நின்றிருக்கிறது.

நான் அங்கே இல்லை. எனக்கு அந்த விளையாட்டே பிடிக்காது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். வண்டி நிற்குமா என்று பார்த்துவிட்டுத்தான் கிளப்பவே விடுவேன்.

ஜூலை 11, வெள்ளி

மோட்டார் வாகன ஆய்வாளர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கே நிறுத்திவைத்திருக்கும் ஜீப்பைப் பார்த்தார். நானும் போயிருந்தேன். மட்கார்டு நசுங்கியிருந்ததைத் தவிர வண்டி நன்றாகவே ஓடியது. காம்பவுண்டுக்குள் சுற்றி வந்து பிரேக் அடித்தார். நச்சென்று நின்றது. இன்னொரு தடவை அடித்தார். நின்றது.

"பிரேக் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு பெடல் கீழ போயிருச்சுங்கறாருங்க."

"இடிச்சவங்க எல்லாருமே அதத்தானுங்க சொல்லுவாங்க."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நின்றதை நானும்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு போன் செய்த தாமோதரன்மேல்தான் கோபம்.

"என்ற பட்டறைல மாட்டுன பிரேக்கு ஃபெயில் ஆவாதும்மா. நாச்சி கொஞ்சம் வேகமா எறக்கிட்டான். அந்தாளு வேற டேப்புக்குள்ள வந்து நின்னுட்டான். அவனப் பாத்த பதட்டத்துல எந்தப் பெடல மிதிச்சான்னு அவனுக்கே தெரிஞ்சிருக்காது. விடு, பேசிக்கலாம்."

எந்தப் பெடல் என்று தெரியாதாம். லாரி ஓட்டி ஓட்டியே இன்று சொந்தமாக லாரி வைத்திருக்கும் மனிதருக்கு. போனை வைத்துவிட்டு இவரிடம் சொன்னேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "தாமு சொன்னா சொல்லீட்டுப் போறான், விடு வாணி" என்றார்.

இந்த "விடு" என்கிற சொல்லை இந்த வீட்டில் இனி யாரும் சொல்லக்கூடாது.

ஜூலை 13, ஞாயிறு

ஆறுச்சாமியைப் பார்க்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, வெளியே இரும்புச் சட்டம் மாட்டியிருக்கிறார்கள். அவர் மனைவி தெய்வாத்தாள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எதுக்கு வந்தீங்க அம்மிணி? பாத்துட்டுப் போயி ஆருகிட்டயாச்சும் சொல்லோணுமா?"

"எங்க வீட்டுக்காரரால எந்திரிக்க முடியலீங்க. அதான் நான் வந்தேன்."

ஆறுச்சாமி மெதுவாகப் பேசினார். அவர் மோட்டார் ரூமை ஒட்டித்தான் நின்றாராம். சிவப்பு டேப் அவருக்கு முன்னால் தள்ளிக் கட்டியிருந்ததாம். ஆனால் தோப்புக்காரர், அவரும் கிளப் ஆள்தான், ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்: உள்ளே நிற்காதே என்று சொல்லியும் நின்றவனுக்கு நான் பொறுப்பில்லை, இனி வேலைக்கு வர வேண்டாம்.

"நான் உள்ள நிக்கலீங் அம்மிணி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்டுக்காரர் மேலயும் தப்பில்லீங்கண்ணா. பிரேக்கு புடிக்கல" என்றேன்.

தெய்வாத்தாள் எழுந்தாள். "பிரேக்கு நல்லா இருக்குதுன்னு ஸ்டேசன்ல சொல்லிட்டாங்களாமா. உங்கூட்டுக்காரரு மேலயும் தப்பில்லயாமா. அப்புறம் ஆரு மேல தப்பு? என்ற புருசன் கால் மேலயா?"

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதும் அதே கேள்விதான் காதில் ஓடியது.

ஜூலை 14, திங்கள்

வகுப்பில் யாரையும் திட்டவில்லை. பெரிய காரியம்.

ஜூலை 17, வியாழன்

போலீஸில் ஜீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நானே வீடுவரை ஓட்டி வந்தேன். வழியில் வேண்டுமென்றே நாலைந்து இடத்தில் அழுத்தி மிதித்தேன். ஒவ்வொரு தடவையும் நின்றது. நிற்க நிற்க எனக்கு ஆத்திரம் வந்தது.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேவிட்டேன். "அன்னைக்குக் குடிச்சிருந்தீங்களா?"

இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை. "ஒரு சொட்டு இல்ல" என்றார்.

"அப்புறம் ஏன் நிக்கல?"

"பெடல் கீழ போயிருச்சு."

"இன்னைக்கு ஏன் நிக்குது?"

மாத்திரை நேரம் ஆகிவிட்டதென்று தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். மாத்திரையைப் போடாமலே தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டார். வலியாக இருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

என்னோடு வேலை செய்யும் பிலோமினாவைக் கூப்பிட்டேன். பிரேக் லைனில் காற்றுக் குமிழி இருந்தால் பெடல் சில நேரம் கீழே போகும், அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். அவள் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, நான் சக்கரத்தோரம் படுத்து ஸ்பேனரால் திருகைத் திறந்து மூட வேண்டும்.

"மிதி. புடிச்சுக்கோ. இப்ப விடு."

"வாணிக்கா, என்ற கால் மரத்துப்போச்சு."

"விடுன்னு நான் சொன்னாத்தான் விடணும்."

"இதத்தான் எங்கூட்டுக்காரரும் எப்பவும் சொல்றாரு" என்றாள். சிரித்துவிட்டேன். ரொம்ப நாளாயிற்று.

நாலு சக்கரத்திலும் பார்த்தோம். காற்று இல்லை. ஆனால் வந்த பிரேக் ஆயில் டீ டிகாக்ஷன் மாதிரி இருந்தது. புது பிரேக் மாட்டியவர்கள் ஆயிலைக்கூட மாற்றவில்லை. தாமோதரனை நினைத்து அசிங்கமாக ஒரு வார்த்தை சொன்னேன். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜன்னல் வழியாக இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் உள்ளே போய் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டபோது, "எதுக்கு உனக்கு இந்த வேலை" என்றார்.

ஜூலை 23, புதன்

பிடித்துவிட்டேன்.

காலையில் வகுப்பில் ஒரு பெண் பிரேக்கில் காலை வைத்தபடியே ஓட்டிக்கொண்டு வந்தாள். நான் வழக்கம்போல, "காலை எடும்மா, சூடாயிரும்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இவர் போட்டியன்று காலையிலிருந்து ஓட்டிக் கடைசி இறக்கத்துக்கு வந்திருக்கிறார். ஆய்வாளரோ நாள்கணக்கில் சும்மா நின்று ஆறிப்போன வண்டியை இரண்டு சுற்று ஓட்டினார். நானும் ஸ்டேஷனிலிருந்து வீடுவரைதான் ஓட்டினேன்.

மத்தியானம் ஜீப்பை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரை மண் ரோட்டுக்குப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லாத இடம். வேகம் எடுப்பது, மிதிப்பது, மறுபடி எடுப்பது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கருகின வாடை வந்தது. பெடல் முன்னைவிட ஆழமாகப் போனது. அடுத்த தடவை இன்னும் ஆழம். அதற்கடுத்து மிதித்தபோது அடியில் ஒன்றுமே இல்லை. மாடிப்படி இருக்கிறதென்று நினைத்து வைத்த கால் காற்றில் போவதுபோல. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, கரை மேட்டில் உரசி நிறுத்தினேன்.

முன் சக்கரத்தில் சாரல் பட்டுப் புகை வந்துகொண்டிருந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பசிதான். காலையில் சாப்பிடவில்லை.

மழை விட்டு வண்டி ஆறிய பிறகு மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது பெடல். ஆறினால் பிடிக்கிறது, சூடானால் கைவிடுகிறது. இதைத்தான் யாரும் பார்க்கவில்லை. இவர் சொன்னது பொய்யில்லை. ஊர் முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறது.

சாயங்காலம் சொன்னபோது குதிப்பார் என்று நினைத்தேன். "தனியா எதுக்குப் போன? உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?" என்று கத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் சொன்னதில் பாதியைக் கேட்டாரா என்றே தெரியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சுற்றியது. பிலோமினாவை ஒரு தடவை மிதித்து விடச் சொன்னேன். இப்போது சுற்றினால் இறுக்கிப் பிடிக்கிறது. காலை எடுத்த பிறகும் டிஸ்க்கைக் கவ்வுகிற பேடு அதை விடவில்லை. ஆயில் திருகைக் கொஞ்சம் திறந்தேன். ஆயில் பீய்ச்சியது, சக்கரம் லேசாகிவிட்டது. உள்ளே எங்கோ அழுத்தம் அடைபட்டு நிற்கிறது.

பிலோமினா, "அக்கா, நீங்க டிரைவிங் ஸ்கூல விட்டுட்டுப் பட்டறை வச்சிரலாம்" என்றாள்.

"வச்சா மொதல்ல தாமோதரன் பட்டறையை இடிச்சுட்டுத்தான் வைப்பேன்."

ஜூலை 30, புதன்

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிவிட்டேன். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற உறுப்பு அது. பார்த்ததுமே தெரிந்தது, வண்டியோடு வந்த பழையது. பாசி பிடித்த நிறம். மேலே மட்டும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

போனில் வீடியோ பார்த்து, உதிரிபாகக் கடையிலும் கேட்டு, புரிந்துகொண்டதை எழுதுகிறேன். டிரம் பிரேக்குக்கு லைனில் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் நிற்க வேண்டும். அதற்காகப் பழைய சிலிண்டரின் வாயில் ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு இருக்கும். டிஸ்க் பிரேக்குக்கு அது இருக்கவே கூடாது. இருந்தால் பேடு உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு, சூட்டில் பழைய ஆயில் கொதிக்கும், கொதித்தால் குமிழி. குமிழியை மிதித்து என்ன வண்டி நிற்கும்?

திறந்தேன். வால்வு அப்படியே இருந்தது. என் சுண்டுவிரல் நகம் அளவு. அதைப் போட்டோ எடுத்து, துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தாமோதரன் பட்டறைக்குப் போனேன். ஆட்கள் முன்னாலேயே மேஜைமேல் வால்வை வைத்தேன்.

"இது என்னங் தாமண்ணா?"

பார்த்தார். முகம் மாறியது, ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. "உள்ள வா" என்று அறைக்குள் கூப்பிட்டார்.

"இங்கயே சொல்லுங்க. டிரம் பிரேக்கு சிலிண்டர டிஸ்க்குக்கு மாட்டி அனுப்பியிருக்கீங்க. ஒரு மனுசன் காலு போச்சு. அவன் டேப்புக்குள்ள வந்தான், நாச்சிக்குப் பெடல் தெரியலன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க. வெக்கமா இல்லீங்களா?"

ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். தாமோதரன் அவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு மெதுவாகப் பேசினார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாச்சியக் கேளு வாணி. புது சிலிண்டர் வர்றதுக்கு நாளாவும், போட்டி முடியட்டும்னேன். கேக்கல. பழசையே மாட்டு, வந்தப்புறம் மாத்திக்கலாம்னு நின்னான். சூடாவும்டான்னும் சொன்னேன்."

"நீங்க மாட்டிக் குடுத்தீங்களே."

"குடுத்தேன். சிநேகிதன் கேட்டான், குடுத்தேன்."

"அப்புறம் ஆறுச்சாமிய ஏன் டேப்புக்குள்ள தள்ளுனீங்க?"

 "நாச்சியக் கேளு" என்றார் மறுபடியும்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கேட்கவில்லை. வாசலில் வண்டியைக் கழுவினேன். சோறு வடித்தேன். இவருக்குப் போட்டேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று கேட்டேன். காலைக் காப்பி கொடுத்துவிட்டு, வால்வை அவர் போர்வைமேல் வைத்தேன்.

எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார், நிறுத்தாமல் சொன்னார். தாமோதரன் சொன்னது நிஜம்தான். அதற்கு மேலும் இருந்தது. போட்டிக்கு முந்தின நாள் ஓட்டிப் பார்த்தபோதே கருகின வாடை வந்திருக்கிறது. பெடல் ஆழமாகப் போயிருக்கிறது. இவர் ஓடையில் இறக்கிச் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்திருக்கிறார்.

"ஆறுனதும் நல்லா புடிச்சுது. ஒரு நாளைக்குத்தானன்னு நெனச்சேன்."

"ஆறுச்சாமி எங்க நின்னாரு?"

காப்பி டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"கேக்கறனுங்க. எங்க நின்னாரு?"

"வெளியதான். மோட்டார் ரூம்புகிட்ட. டேப்ப அத்துக்கிட்டுத்தான் வண்டி போச்சு. நான் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"ஆபீசரு பிரேக்கு நல்லா இருக்குதுன்னுட்டாரு. தாமு வந்து, அந்தாளு உள்ள நின்னான்னு சொல்லியாச்சு, நீ ஒண்ணும் பேசாதன்னான். நான் பேசல."

நான் தெய்வாத்தாள் முன்னால் நின்று, எங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லை என்று சொல்லியிருக்கிறேன். வாய்க்கால் கரையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். ஊரே பொய் சொல்கிறது என்று இதே பக்கங்களில் எழுதியிருக்கிறேன். அத்தனை நாளும் இந்த மனிதர் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு நான் எதைத் தேடுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொண்டே.

"எனக்குத் தெரிஞ்சு போயிரும்னு பயந்துட்டுத்தான் விடு விடுன்னீங்களா?"

"ஆமா" என்றார்.

டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பேசவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பேசவில்லை. கட்டுப் பிரித்துக் காயத்தைத் துடைத்துவிட்டேன். ஆறி வருகிறது. வாக்கர் பிடித்து வாசல்வரை நடந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டிஸ்க்குக்கென்றே செய்த புது சிலிண்டர் வந்துவிட்டது. முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று இரண்டு அறை உள்ளது. ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று பிடிக்கும். பழைய லைன்களைக் கழற்றி எறிந்தேன். இரண்டு நாளாக நானும் பிலோமினாவும்தான் மாட்டினோம். சூட்டில் நீலம் பாரித்துப் போயிருந்த டிஸ்க்குகளையும் பேடுகளையும் மாற்றினோம். ஆயில் புதிது. திருகில் தேன் நிறத்தில் வந்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

பிலோமினாவுக்கு எல்லாம் தெரியும். "இவ்வளவு ஆன பொறகு இந்த வண்டி எதுக்குக்கா? தூக்கிக் காயலாங்கடைல போட்டுருங்க" என்றாள்.

"வண்டி பொய் சொல்லலடி. யாரு கைக்குப் போனாலும் மிதிச்சா நிக்கணும்."

ஒரு திருகு வழுக்கியது. எந்த ஸ்பேனரும் பிடிக்கவில்லை. வாக்கரோடு வாசலில் நின்ற இவர், "மூணாவது டிராயர்ல பைப் ரெஞ்ச் இருக்குது" என்றார். எடுத்தேன். பிடித்தது. நன்றி சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் ஆழியாறிலிருந்து அட்டகட்டி வரை ஏறி, இறங்கி வந்தேன். இறக்கம் முழுக்க வேண்டுமென்றே பிரேக்கிலேயே வந்தேன். ஒரு வளைவில் சிங்கவால் குரங்கைப் பார்க்க நின்ற காருக்குப் பின்னால் திடீரென்று மிதிக்க வேண்டி வந்தது. பெடல் மேலேயே நின்றது. வண்டியும் நின்றது. கீழே வந்து பார்த்தால் சக்கரம் சூடுதான், எந்த வண்டிக்கும் இருக்கிற சூடு.

மத்தியானம் வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாமோதரன் வந்தார். நான் கீழே இருப்பது தெரியாமல் நேரே ஹாலுக்குள் போனார். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"வாணிய நீதான் அடக்கோணும் நாச்சி. பட்டறைல பசங்க முன்னால மானத்த வாங்கிட்டா. ஆறுச்சாமிக்கு வேற எங்கயாச்சும் வாட்ச்மேன் வேலை பாத்துக் குடுத்தர்றேன். நீ டேப்புக் கதையிலயே நில்லு. மாத்துனீன்னா மொதல்ல உள்ள போறது நீதான், தெரிஞ்சுக்க."

 நான் ஸ்பேனரைப் பிடித்தபடி அசையாமல் கிடந்தேன். வாழ்க்கையில் இவ்வளவு உற்று எதையும் கேட்டதில்லை.

"அவன் வெளிய நின்னான் தாமு."

"அது எனக்குத் தெரியாதாடா? பேச்சு அதில்ல."

"பேச்சு அதுதான். நீ போ."

"நாச்சி, நான் சொல்றதக் கேளு…"

"போடா. எந்திரிச்சு வர முடியாதுன்னு பாக்கறயா? போ."

தாமோதரன் வெளியே வந்தபோது நான் வண்டிக்கு அடியிலிருந்து வந்தேன். முகமெல்லாம் ஆயில். என்னைப் பார்த்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

உள்ளே போனேன். இவர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். "சனிக்கிழமை உனக்கு வகுப்பு இருக்குதா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"ஸ்டேசனுக்குப் போகோணும்."

இருக்கிற வகுப்புகளைப் பிலோமினாவிடம் மாற்றிவிட்டேன். இவரிடம் அதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஜீப்பிலேயே போனோம். இவரைத் தூக்கி ஏற்ற பிலோமினாவின் வீட்டுக்காரரும் வந்தார். வழி முழுக்க இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ரயில்வே கேட்டில் நிறுத்தியபோது என் கால் பெடலில் இருப்பதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். கேட் திறந்ததும் கியர் போட்டேன்.

ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொன்னார். பழைய சிலிண்டர், முந்தின நாள் வாடை, தண்ணீர் அடித்தது, டேப்பை அறுத்துக்கொண்டு வண்டி போனது. போட்டோக்களையும் வால்வையும் நான் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரிஞ்சே ஓட்டுனேன்னு சொல்றீங்க. கேஸ் பெருசாகும். லைசென்ஸும் போகும். வக்கீலக் கேட்டீங்களா?"

"இல்லீங்."

"அப்ப யாரு சொல்லி வந்தீங்க?"

"சம்சாரம் கூட்டியாந்தாங்க" என்றார் இவர்.

"நான் வண்டிதானுங்க ஓட்டுனேன்" என்றேன். "வந்தது அவருதான்."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் அவரைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதற்காக மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தாமோதரனையும் தோப்புக்காரரையும் விசாரணைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆறுச்சாமியைக் காலில் மாட்டிய இரும்புச் சட்டத்தோடேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தோப்பு வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டதால் ஆனைமலையில் தெய்வாத்தாளின் தம்பி வீட்டில் இருக்கிறார்கள். ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு கூரைச் சாய்ப்பு.

தெய்வாத்தாள் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் துலக்கும் சத்தம் பலமாகக் கேட்டது. ஆறுச்சாமி கட்டிலில் இருந்தார். இவர் உட்காரவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார். உட்காருங்க என்று ஆறுச்சாமியும் சொல்லவில்லை.

"பிரேக்கு சரியில்லைன்னு எனக்கு மொதல்லயே தெரியுமுங்கண்ணா. தெரிஞ்சுதான் ஓட்டுனேன். நீங்க டேப்புக்கு வெளியதான் நின்னீங்க. நான் பாத்தேன். பாத்தத சொல்லாம இருந்துட்டேன். நேத்து ஸ்டேசன்ல போயிச் சொல்லிட்டேன்."

ஆறுச்சாமி அடிப்பார் என்றோ, திட்டுவார் என்றோ நினைத்திருந்தேன். திட்ட வேண்டும் என்றுகூட எனக்கு இருந்தது. அவர் இவருடைய காலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "தெய்வா, இங்க வா" என்றார்.

பாத்திரச் சத்தம் நிற்கவில்லை.

"வான்னு சொல்றனில்ல."

அவள் ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்றாள். எங்களைப் பார்க்கவில்லை.

"இவளுக்குக் கேக்கற மாதிரி இன்னொருக்காச் சொல்லுங்க தம்பி" என்றார் ஆறுச்சாமி. "நான் எங்க நின்னேன்?"

"வெளியதானுங்கண்ணா நின்னீங்க."

"சத்தமா."

"டேப்புக்கு வெளியதான் நின்னீங்க. நீங்க நின்ன எடத்துல தப்பில்ல."

ஆறுச்சாமி அவளைப் பார்த்தார். "கேட்டுதா? இத்தன நாளா நானுஞ் சொல்லீட்டுத்தான இருந்தேன். ஊருல எனக்காகச் சண்டை போட்ட நீயே ஒரு நாளாவது நம்புனயா?"

தெய்வாத்தாள் இன்னும் ஓரடி உள்ளே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள். பிறகு வந்து கட்டிலில், அவருடைய உடைந்த காலுக்குப் பக்கத்தில், இரும்புச் சட்டத்தில் இடிக்காமல் உட்கார்ந்தாள்.

நாங்கள் கிளம்பும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.